நோயைப் பார்த்து நேரம் தந்த மருத்துவர்
புனித ஜோசப் மொஸ்காத்தியின் வாழ்க்கை

நோயாளிக்கு மருத்துவர் தருவது எது என்று கேட்டால், மருந்து என்போம், ஊசி என்போம், அறுவை சிகிச்சை என்போம். ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக அவர் தர வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் நேரம். வந்தவர் சொல்வதைக் கேட்க நேரம். நாடியைப் பிடித்துப் பார்க்க நேரம். வயிற்றைத் தொட்டு, மார்பில் காது வைத்து, இன்ன நோய் என்று சிந்திக்க நேரம். இந்த நேரம் கிடைக்காத இடத்தில் விலையுயர்ந்த மருந்தும் பயனற்றுப் போவதுண்டு.

இந்த நேரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா? இல்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். விடியற்காலையில் பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி, நண்பகல் வரை பெஞ்சில் காத்திருந்து, இரண்டு நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள் ஒரு பக்கம். முன்கூட்டியே சொல்லி வைத்து, காரில் வந்து இறங்கி, அரை மணி நேரம் நிதானமாகப் பேசிவிட்டுச் செல்கிறவர்கள் மறு பக்கம். நோய் ஒன்றே. நேரம் மட்டும் வேறு.

விழா மலரின் இப்பக்கங்களில், இந்த வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்ற ஒரு மருத்துவரைப் பங்குமக்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மருத்துவமனையில் வேலை பார்த்து, வாடகை வீட்டிலும் கடை வீதியிலும் நம்மைப் போல் நடமாடிய பொதுநிலையினர். அவரே இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரின் புனித ஜோசப் மொஸ்காத்தி.

வீட்டிலேயே ஒரு நோயாளி

1880-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள், இத்தாலியின் பெனவெந்தோ நகரில் ஜோசப் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவர் ஏழாமவர். தந்தை பிரான்சிஸ் மொஸ்காத்தி நீதிபதி. தாய் ரோசா பக்தியுள்ள உயர்குடிப் பெண்மணி. தந்தையின் உத்தியோகம் காரணமாகக் குடும்பம் முதலில் அன்கோனாவுக்கும், 1884-ல் நேப்பிள்ஸுக்கும் குடிபெயர்ந்தது. 1888-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, சிறுவன் ஜோசப் முதன்முறையாக நற்கருணை உட்கொண்டான்.

நீதிபதியின் மகன் சட்டம் படிப்பான் என்று எவரும் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அந்த வீட்டில் நிகழ்ந்த ஒரு விபத்து அவனை வேறு திசையில் திருப்பிற்று எனலாம். மூத்த சகோதரர்களில் ஒருவரான ஆல்பர்ட் இராணுவத்தில் பீரங்கிப் படை அதிகாரி. 1892-ல் அவர் குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்றார். அதன் பின் காக்காய்வலிப்பு அவரை விடவே இல்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த ஜோசப், அண்ணனின் கட்டிலருகே மணிக்கணக்கில் அமர்ந்து பணிவிடை செய்தான். தீராத நோயுள்ளவன் வேண்டுவது மருந்து மட்டுமல்ல, அருகில் ஓர் ஆள் என்பதை எந்தக் கல்லூரியிலும் சேருமுன்னரே அவன் கற்றுக்கொண்டான். ஆல்பர்ட் 1904-ல் இறக்கும் வரை அந்தப் பாடம் தொடர்ந்தது.

1897-ல் ஜோசப் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அதே ஆண்டின் இறுதியில் தந்தை காலமானார். துயரத்துக்கு நடுவே படிப்பை விடாமல் தொடர்ந்து, 1903-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்லீரலில் யூரியா உண்டாகும் விதம் பற்றியது அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை. ஆராய்ச்சிக்கூடத்தில் சிறந்த எதிர்காலம் அவருக்காகக் காத்திருந்தது.

குணமாகாதோர் இல்லத்தில்

நேப்பிள்ஸில் ஒரு பழம்பெரும் மருத்துவமனை உண்டு. பெயரே குணமாகாதோர் மருத்துவமனை. மரிய லொரேன்சா லோங்கோ என்னும் கைம்பெண் 1522-ல் நிறுவியது அது. எவரும் ஏற்க விரும்பாத நோயாளிகளுக்கென்றே அவர் அதைத் தொடங்கினார். 2021-ஆம் ஆண்டு அந்த அம்மையார் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். இளம் டாக்டர் மொஸ்காத்தி வேலைக்குச் சேர்ந்தது இம்மருத்துவமனையில்தான். பின்னர் 1919-ல் ஆண்கள் பிரிவு ஒன்றின் தலைமை மருத்துவரானதும் இங்கேதான்.

அவர் எப்படிப்பட்ட மருத்துவர் என்பதை 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஊர் முழுவதும் கண்டது. வெசூவியஸ் எரிமலை குமுறி வெடித்தது. மலையடிவாரத்திலிருந்த தொரே தெல் கிரேக்கோ என்னும் ஊரில் அந்த மருத்துவமனையைச் சேர்ந்த கிளை ஒன்று இருந்தது. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் முதியோர், கைகால் விழுந்தவர்கள், தாமாக எழுந்து ஓட இயலாதவர்கள். மொஸ்காத்தி விரைந்து சென்றார். சாம்பல் மழைக்கு நடுவே ஒவ்வொருவரையும் வெளியேற்ற உத்தரவிட்டு, தாமும் உடன் நின்று தூக்கினார். கடைசி நோயாளி வெளியே வந்த சிறிது நேரத்தில் சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழுந்தது. பிற்பாடு பாராட்டுப் பற்றிய பேச்சு எழுந்தபோது, உடனிருந்து உழைத்த ஊழியர்களுக்குப் பரிசு கொடுங்கள், என் பெயரை எடுக்க வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிழைத்தாலும் இன்னும் சில காலமே வாழக்கூடிய முதியோருக்காக ஓர் இளம் மருத்துவர் தம் உயிரைப் பணயம் வைத்தார். இவர்களுக்கு இனி நேரம் செலவிட்டு என்ன பயன் என்ற கணக்கு அவர் மனத்தில் எழவே இல்லை.

1911-ல் நேப்பிள்ஸில் காலரா பரவியபோது, அரசு அவரை நோய் ஆய்வுப் பணிக்கு அழைத்தது. நகரின் சுகாதாரத்துக்கு வேண்டிய வழிகளை அவர் அறிக்கையாகத் தந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது படையில் சேர விண்ணப்பித்தார். அவரைப் போர்முனைக்கு அனுப்பாமல், காயம்பட்டு வந்த வீரர்களைக் கவனிக்க மருத்துவமனையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஏறத்தாழ 3,000 வீரர்களை அவர் பார்த்தார். அவர்களுடைய நோய் வரலாறுகளைத் தம் கைப்பட எழுதி வைத்தார். போர்க்காலத்தில் படைவீரன் என்பவன் வெறும் எண்ணாகிவிடுகிறான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயரும் ஒரு கதையும் இருப்பதை மறவாத மருத்துவர் அவர்.

பதவியா, நோயாளியா?

அவர் ஏழைகளிடம் இரக்கம் காட்டிய நல்ல மனிதர் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. தொழிலில் தலைசிறந்தவர். நாடியும் தொடுதலும் கொண்டு நோயைக் கண்டறியும் பழைய கலையையும், இரத்தத்தையும் சிறுநீரையும் ஆராயும் புதிய கலையையும் ஒருங்கே கற்றவர். 1914-ல் அவருடைய தாய் நீரிழிவு நோயால் காலமானார். அந்நாளில் அந்நோய்க்கு மருந்தில்லை. 1921-ல் கனடாவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பின், அதை நேப்பிள்ஸில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர்களில் மொஸ்காத்தியும் ஒருவர். 1923-ல் எடின்பரோவில் நடந்த உடலியல் அறிஞர்களின் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

இத்தகையவருக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி எட்டாக் கனி அல்ல. ஆயினும் அந்த வாய்ப்பு வந்தபோது, அதைத் தம் நண்பர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். நோயாளிகளின் கட்டிலருகிலும், அங்கே தம்மைச் சூழ்ந்து நிற்கும் மாணவர்களிடத்தும் தம் நாளைச் செலவிடுவதே தமக்கு உரியது என்று அவர் தீர்மானித்தார். மாணவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பக் கற்பித்தது, நோயாளியின் உடலோடு அவன் உள்ளத்தையும் கவனிக்க வேண்டும் என்பதே. பிணப் பரிசோதனைக் கூடத்தின் சுவரில்கூடப் பாடுபட்ட சுரூபத்தை மாட்டி வைத்தார். இறந்தவன் உடலும் மரியாதைக்குரியது என்பது மாணவர்களுக்கு விளங்க வேண்டுமல்லவா?

ஒரு நாளின் கணக்கு

அவருடைய நேரம் எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்போம். பொழுது புலருமுன் எழுந்து, ஆலயம் சென்று, திருப்பலி கண்டு நற்கருணை பெறுவார். அங்கிருந்து நேராக ஏழைகளின் சந்துகளுக்குள் நுழைவார். நெருக்கமான அந்தக் குடியிருப்புகளில் படி ஏறி இறங்கி, படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்ப்பார். அதன் பிறகே மருத்துவமனை. பிற்பகலில் தம் வீட்டில் நோயாளிகளைப் பார்ப்பார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். உடலும் மனமும் களைப்பில்லாமல் இருக்கும் காலை வேளை ஏழைகளுக்கு. பெரும்பாலோர் என்ன செய்வோம்? நல்ல நேரத்தைப் பணம் தருபவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் ஏழைக்குக் கொடுப்போம். மொஸ்காத்தி அதைத் தலைகீழாக மாற்றினார்.

வீட்டின் காத்திருக்கும் அறையில் ஒரு தொப்பி வைக்கப்பட்டிருக்கும். உள்ளவர்கள் அதில் போடலாம். இல்லாதவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அருகில் எழுதியிருக்கும். யார் போட்டார், யார் எடுத்தார் என்பதை டாக்டர் பார்ப்பதில்லை. இந்த ஏற்பாட்டை வெறும் தருமம் என்று நினைத்தால் அதன் பொருளில் பாதியே நமக்குப் புரிந்ததாகும். உள்ளே வரும் நோயாளி பணம் கொடுத்தவரா இல்லையா என்பது மருத்துவருக்கே தெரியாது. தெரியாதபோது, கொடுத்தவருக்கு ஒரு நேரம், கொடாதவருக்கு ஒரு நேரம் என்று எப்படிப் பிரிப்பது? ஒரு தொப்பியைக் கொண்டு அவர் தம் கண்களையே கட்டிக்கொண்டார் எனலாம்.

குருக்களிடமும் கன்னியரிடமும் ஏழைகளிடமும் அவர் கட்டணம் பெறுவதில்லை. மருந்து வாங்க வழியில்லாதவர்களின் தலையணைக்கடியில் பணத்தை வைத்துவிட்டு வந்துவிடுவார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன் வாழ்ந்த சகோதரி நீனா அவருடைய அறப்பணிகளில் வலக்கையாக விளங்கினார்.

அவரைப் பற்றிச் சொல்லப்பட்டு வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தனியாக வாழ்ந்த ஏழை முதியவர் ஒருவரை அன்றாடம் கவனிக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் வீடு வரை தினமும் செல்ல டாக்டருக்கு நேரமில்லை. என்ன செய்தார்? தாம் நாள்தோறும் நடந்து செல்லும் தெருவிலுள்ள ஒரு காப்பிக் கடைக்குக் காலையில் வந்து, தம் செலவில் பாலும் பிஸ்கட்டும் சாப்பிடும்படி முதியவரிடம் சொன்னார். போகிற போக்கில் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். முதியவர் அமர்ந்திருந்தால், நலமாயிருக்கிறார் என்று நடையைத் தொடர்வார். இருக்கை காலியாக இருந்தால், உடல்நலமில்லை என்று அறிந்து வீட்டுக்கே சென்று பார்ப்பார். நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அன்புள்ளவன் இல்லாத நேரத்துக்குள்ளும் ஒரு வழியைக் கண்டுபிடிக்கின்றான்.

செல்வரும் நோயாளியே

ஏழைகளை நேசித்ததால் செல்வர்களை அவர் ஒதுக்கினாரா? இல்லை. பொம்பேய் செபமாலை மாதா திருத்தலத்தை நிறுவிய பார்த்தொலோ லோங்கோ அவருடைய சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர். உலகப் புகழ் பெற்ற பாடகர் என்ரிக்கோ கருசோவும் நேப்பிள்ஸ் நகரின் மைந்தர். 1920-ன் இறுதியில் நியூயார்க்கில் நோயுற்ற கருசோவைப் பெரிய பெரிய மருத்துவர்கள் சூழ்ந்து நின்று கவனித்தார்கள். பல முறை அறுவை சிகிச்சையும் நடந்தது. 1921-ல் தாய்நாடு திரும்பிய பின் அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் மொஸ்காத்தியும் ஒருவர். நோய் முற்றிவிட்டிருந்தது. இத்தனை மருத்துவர்களையும் அழைத்த நீங்கள், அனைவருக்கும் மேலான மருத்துவராம் இயேசுவை அழைக்க மறந்துவிட வேண்டாம் என்று மொஸ்காத்தி அவருக்கு நினைவூட்டியதாகச் சொல்வார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் கருசோ நேப்பிள்ஸில் இறந்தார்.

ஆக, மொஸ்காத்தி எல்லாருக்கும் கடிகாரத்தை வைத்து ஒரே அளவாக நேரத்தைப் பங்கு போட்டவர் அல்லர். சாதாரண சளிக்கு வந்தவருக்குச் சிறிது நேரம் போதும். இனம் தெரியாத காய்ச்சலுக்கு நெடுநேரம் வேண்டும். சாகக் கிடப்பவருக்கு மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்றாலும், அருகில் அமர நேரம் வேண்டும். அந்த வேறுபாடு நியாயமானது. நோயைப் பார்த்து அளந்த நேரம் நீதி. பணப்பையைப் பார்த்து அளந்த நேரம் அநீதி. அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது இதுவே.

ஏழைக்கே கூடுதல் நேரம் தேவை

இன்னும் ஆழ்ந்து பார்த்தால், ஏழைக்குக் குறைந்த நேரம் அல்ல, கூடுதல் நேரமே தேவைப்படுகிறது. படித்தவர் தம் நோயை வரிசையாகச் சொல்கிறார். விளங்காததைத் திரும்பக் கேட்கிறார். படிக்காதவரோ எதை முதலில் சொல்வது என்று திகைக்கிறார். டாக்டர் முன் நின்றதும் பாதி மறந்துவிடுகிறது. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சி, தலையை ஆட்டிவிட்டு வெளியே வருகிறார். போதாக்குறைக்கு, ஒரு நோயை முற்றவிட்ட பிறகே வருகிறார்.

ஆனால் உலகின் நடைமுறை வேறு. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டூடர் ஹார்ட் என்னும் மருத்துவர், 1971-ல் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். நல்ல மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்தது. முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஸ்வீடனில் சராசரி 22 நிமிடத்துக்கும் மேல். வங்காள தேசத்தில் 48 விநாடி. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் அது 5 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு.

இதற்காக மருத்துவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வாசலில் நூறு பேர் காத்திருக்கையில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால் மற்றவர்கள் கதி என்ன? ஆள் பற்றாக்குறையைத் தனி ஒருவரின் நல்ல மனத்தால் மட்டும் தீர்க்க முடியாது. மொஸ்காத்தியும் தம்மையே கரைத்துக்கொண்டு அல்லவா நேரத்தை உண்டாக்கினார்?

பெரிய வியாழனுக்கு முன்

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் திருப்பலி கண்டார், நற்கருணை உட்கொண்டார், மருத்துவமனை சென்று திரும்பினார், பிற்பகலில் வீட்டில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். மூன்று மணியளவில் உடல் சோர்வதை உணர்ந்து, தம் அறைக்குச் சென்று சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அமைதியாக உயிர் பிரிந்தது. வயது 46.

செய்தி பரவியதும் ஏழைகள் கண்ணீரோடு திரண்டார்கள். 1930-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அவருடைய உடல், நகரின் நடுவிலுள்ள ஜெசு நுவோவோ என்னும் சேசு சபையார் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் அவரைப் புனிதராக உயர்த்தினார். பொதுநிலையினரின் அழைத்தலைக் குறித்து உலக ஆயர் மாமன்றம் கூடியிருந்த நாள்களில் இது நிகழ்ந்தது மிகப் பொருத்தமே. அவர் திருநாள் நவம்பர் 16. அவ்வாலயத்தில் அவருடைய வெண்கலச் சிலை ஒன்று உள்ளது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் கையைத் தொட்டுச் செல்வதால், அந்தக் கை மட்டும் தேய்ந்து பளபளக்கின்றது. இன்றும் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொள்ள மக்களுக்கு நேரம் கிடைக்கிறது அங்கே!

நமக்கு என்ன?

நாம் மருத்துவர்கள் அல்லவே, நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நமக்கும் உண்டு. மருத்துவமனையில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்று வரிசையைத் தாண்டி உள்ளே நுழையும்போது, நாம் எடுத்துக்கொள்வது டாக்டரின் நேரத்தை அல்ல. காலையிலிருந்து பெஞ்சில் காத்திருக்கும் ஒரு பாட்டியின் நேரத்தை. அவசர நோய்க்கு வழிவிடுவது வேறு. சிபாரிசுக்கு வழி கேட்பது வேறு.

எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள், தனியாக வாழும் முதியவர்களுடன் ஆஸ்பத்திரிக்குத் துணையாகச் செல்லலாம். எத்தனை நாளாக வலி, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால், கிடைக்கும் இரண்டு நிமிடமும் முழுப் பயன் தரும். டாக்டர் சொன்னதை வீட்டில் மீண்டும் பொறுமையாக விளக்கிச் சொல்லலாம். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது, செபம் சொல்லி முடித்ததும் எழுந்துவிடாமல் இன்னும் சற்று அமரலாம். நம் பங்கிலிருந்து மருத்துவராகவும் செவிலியராகவும் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு மொஸ்காத்தியின் தொப்பியைப் பற்றிச் சொல்லி அனுப்பலாம்.

நல்ல சமாரியனின் உவமையைத் தந்தவர் மருத்துவராம் லூக்கா. அந்தச் சமாரியன் எண்ணெய் வார்த்தான், திராட்சை இரசம் வார்த்தான், இரண்டு தெனாரியமும் கொடுத்தான். அதை மறுநாள்தான் கொடுத்தான் என்பதையும் லூக்கா குறிக்கத் தவறவில்லை. அப்படியானால் அந்த இரவு முழுவதும் அவன் காயம்பட்டவனுடன் சத்திரத்தில் இருந்தான். பயணத்தை நிறுத்தி, தன் அலுவலை நிறுத்தி, முன்பின் அறியாத ஒருவனுக்குத் தன் இரவைக் கொடுத்தான். குருவும் லேவியனும் கொடுக்க மறுத்தது பணத்தை அல்ல, அந்த நேரத்தைத்தான்.

புனித ஜோசப் மொஸ்காத்தியே, எங்கள் பங்கின் நோயாளிகளுக்காகவும், அவர்களைக் கவனிக்கும் மருத்துவர்களுக்காகவும், செவிலியருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.